ஈஸ்டர் முட்டைக்கு எந்தச் சாயம்: வெங்காயத் தோலா, மஞ்சளா, ஊதா முட்டைக்கோஸா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பீட்ரூட்டை விட்டுவிடுங்கள். சமையலறைப் பொருளை வைத்தே முட்டைக்குச் சாயம் ஏற்றலாம் என்று யோசிக்கும் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். நறுக்கினாலே கை சிவக்கிறது, கொதிக்க வைத்தால் பாத்திரம் முழுக்கச் செக்கச்செவேல், இதில் முட்டையைப் போட்டால் எப்படி வரும் என்று பிள்ளைகள் சுற்றி நின்று குதிக்கும். எடுத்துப் பார்த்தால் ஏதோ அழுக்குப் பழுப்பு. ஆனால் நாம் குப்பைக் கூடையில் போடும் வெங்காயத் தோலை வேகவைத்தால், தண்ணீர் பார்க்க மங்கலாகத்தான் இருக்கும், அதில் வெந்த முட்டை மட்டும் பளபளவென்று செம்பு நிறத்தில் வெளியே வரும்.

எந்தச் சாயம் என்று முடிவு செய்ய என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: பாத்திரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், ஓட்டில் எது ஒட்டுகிறது, ஒட்டிய பிறகு எந்த நிறமாக மாறுகிறது என்று பாருங்கள். பொருளைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எந்த முட்டை வாங்குவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஓட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புரதப் படலம் ஒன்று உண்டு, கிருமி உள்ளே போகாமல் இருக்கக் கோழியே பூசி அனுப்புவது. சாயத் தண்ணீரில் வினிகர் விடுவது இந்த இரண்டுக்காகவும்தான். அமிலம் பட்டதும் அந்தப் புரதத்தின் மின்னேற்றம் மாறி சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, ஓடும் மேலோட்டமாகக் கரைந்து கொஞ்சம் சொரசொரப்பாகிறது. முட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், அது கரியமில வாயு. கொஞ்சம் விட்டாலே நன்றாக வருகிறதே, நிறைய விட்டால் என்ன என்று அரை பாட்டிலைக் கவிழ்த்துவிடாதீர்கள். ஓடு கரைந்துகொண்டே இருந்தால் சாயம் எதன் மேல்தான் ஒட்டும்? காய்ந்ததும் விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்துவிடும். ஒரு கப் சாயத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் போதும். வினிகர் இல்லை என்றால் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம், ஆனால் வினிகர்தான் மலிவு, அளவும் சீராக இருக்கும்.

இன்னொரு விஷயம். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் என்று மாறுகிற சாயங்களை இந்த ஓட்டில் ஏற்றினால் பாத்திரத்தில் பார்த்த நிறம் அப்படியே வராது. ஊதா முட்டைக்கோஸ் இந்த வித்தையில்தான் ஆளை அசத்தும்.

வெங்காயத் தோல்: முதல் முறை செய்பவர்களுக்கு இதுதான்

கிழக்கு ஐரோப்பா முழுக்க இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். ரஷ்யாவிலும் லாத்வியாவிலும் ஆர்மீனியாவிலும் ஈஸ்டர் நெருங்கும்போது வீட்டில் வெங்காயத் தோலைச் சேர்த்து வைப்பார்கள். கிரேக்கத்தில் பெரிய வியாழன் அன்று முட்டைக்குச் சிவப்பு ஏற்றுவது வழக்கம், கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளமாக. அங்கே இப்போது பலரும் கடைச் சாயம் வாங்கிவிடுகிறார்கள் என்றாலும் வெங்காயத் தோல் முறை இன்னும் போகவில்லை. ஈஸ்டர் அன்று ஆளுக்கொரு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று மோதி, யாருடையது உடையாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த வருடம் நல்ல காலம் என்று ஒரு விளையாட்டும் உண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், சாயம் ஏற்றுவதைவிட இதற்குத்தான் அதிகம் சண்டை போடுவார்கள்.

இந்தத் தோலில் இருக்கும் நிறப்பொருளில் முக்கியமானது குவெர்செட்டின். அது சூட்டில் கெடாது. கொதிக்கக் கொதிக்க இன்னும் அடர்த்தியாக இறங்கும். அதனால் முட்டையை வேகவைப்பதும் சாயம் ஏற்றுவதும் ஒரே வேலையாக முடிந்துவிடும், வேறு எந்தப் பொருளிலும் இவ்வளவு சுலபம் கிடையாது. வினிகர் இல்லாமலே பிடிக்கும், கொஞ்சம் விட்டால் இன்னும் சீராகப் பிடிக்கும்.

எட்டுப் பத்துப் பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல், ஒரு லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் மிதமான தீயில். தண்ணீர் கருஞ்சிவப்பானதும் ஆறவிட்டு, கழுவிய பச்சை முட்டைகளைப் போட்டு, மறுபடி மெதுவாகக் கொதி வரவைத்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டால் ஆரஞ்சும் செம்பழுப்பும் கலந்த நிறம் வந்துவிடும். அடுப்பை அணைத்து அதிலேயே அரை மணி நேரம் விட்டால் இன்னும் அடர்த்தியாகும். தோலை வடிகட்டாமல் அப்படியே போட்டு வேகவைத்தால் தோல் ஒட்டிய இடம் ஒரு மாதிரி, ஒட்டாத இடம் ஒரு மாதிரி என்று பளிங்குக் கல் போலத் திட்டுத்திட்டாக வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். சீராக வேண்டும் என்பவர்கள் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சின்ன வெங்காயத் தோலும் தாராளமாகக் கிடைக்கும், அதுவும் நன்றாக வேலை செய்யும். சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் காய்ந்த மேல் தோலை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுவந்தால் தவக்காலம் முடிவதற்குள் தேவைக்கு மேலேயே சேர்ந்துவிடும். ஈரமான உள் தோலைப் போட்டு வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். காய்கறிக் கடையில் வெங்காய மூட்டையின் அடியில் உதிர்ந்து கிடப்பதைக் கேட்டாலும் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள்.

இதில் இன்னொரு லாபம், இலை அச்சு. முட்டையை நனைத்து அதன் மேல் ஒரு கொத்தமல்லி இலையையோ கறிவேப்பிலையையோ ஒட்டி, பழைய நைலான் சாக்ஸ் துண்டு ஒன்றை இழுத்து இறுக்கிக் கட்டி சாயத்தில் போட்டால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். கொத்தமல்லி இலையின் ஓரத்து வெட்டுகள்கூட அப்படியே பதியும். கறிவேப்பிலை கொஞ்சம் தடிமன், இறுக்கிக் கட்டாவிட்டால் அடியில் சாயம் புகுந்துவிடும். முருங்கை இலை மிக நன்றாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, அழகாக இருக்கிறதே என்று வாசலில் இருக்கும் அரளி இலையையோ ஊமத்தையையோ ஒட்டிவிடாதீர்கள், இரண்டும் விஷம். சாப்பிடுகிற இலையை மட்டும் ஒட்டுங்கள்.

குறை என்ன? ஒரே வண்ணக் குடும்பம்தான். மஞ்சள் கலந்த ஆரஞ்சிலிருந்து கருஞ்சிவப்புக்குக் கொஞ்சம் முன்னால் வரை போகலாம், அவ்வளவே. கூடையில் நீலமும் பச்சையும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளை இருந்தால் வெங்காயம் மட்டும் போதாது.

மஞ்சள்: மலிவு, வேகம், கறை

மஞ்சள் தூள் இல்லாத தமிழ் வீடு கிடையாது, அதனால் இரண்டாவதாக எல்லாரும் இதைத்தான் எடுப்பார்கள், எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, கால் மணி நேரக் கொதி, வினிகர், அரை மணி நேரம் ஊறல். பளிச்சென்ற மஞ்சள் வரும். சிக்கல் என்னவென்றால் மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. தூளாக மிதந்து முட்டையில் புள்ளிபுள்ளியாக ஒட்டும். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினால் ஓரளவு சீராகும். அல்லது புள்ளியே அழகுதான் என்று விட்டுவிடலாம், காடை முட்டை மாதிரி இருக்கும்.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதே சிவப்பை முட்டைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று நிச்சயம் தோன்றும். வேலைக்கு ஆகாது. குர்க்குமின் காரத்தில்தான் சிவக்கும், முட்டையில் அது நன்றாகப் பிடிக்க அமிலம் வேண்டும். வினிகர் விட்ட அடுத்த நொடி அந்தச் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பிவிடும்.

மஞ்சள் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். சட்டையில் பட்ட மஞ்சள் கறையை நனைத்து வெயிலில் போட்டால் போய்விடுகிறதல்லவா, அதே கதைதான் முட்டைக்கும். ஜன்னலோரக் கூடையில் வைத்தால் சீக்கிரமே மங்கும். ஆனால் ஒரே நாளில் செய்து அன்றைக்கே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இது ஒரு குறையே இல்லை. மேடையிலும் பிள்ளைகளின் நல்ல சட்டையிலும் கறை படும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சமையல் மஞ்சளை மட்டும் எடுங்கள். முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சளும், பூஜைக்கு என்று விற்கும் பொட்டலங்களும் சாப்பிடும் பொருளுக்கு வேண்டாம். குங்குமமும் கோலப்பொடியும் அறவே கூடாது.

நீலம் வேண்டும் என்றால்

இயற்கையில் நீலச் சாயம் கிடைப்பது கஷ்டம் என்பார்கள், முட்டை விஷயத்தில் அப்படி இல்லை. இரண்டு வழி இருக்கிறது, ஊதா முட்டைக்கோஸ் ஒன்று (இலங்கைக்காரர்களுக்கு ஊதாக் கோவா), சங்குப்பூ இன்னொன்று.

முட்டைக்கோஸ் தண்ணீர் கருநீல ஊதாவாக இருக்கும், வினிகர் விட்டதும் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும், அதைப் பார்த்து ஐயோ தப்பாகிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். உள்ளே போடும் வெள்ளை முட்டை ரோஜா நிறமாக வராது, நீலமாகத்தான் வரும். அதிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் அமிலத்தில் சிவக்கும், காரத்தின் பக்கம் போனால் நீலமாகும், இன்னும் போனால் பச்சையாகும். ஓட்டின் சுண்ணாம்பைத் தொட்ட இடத்தில் அமிலம் தணிந்து நீலம் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டவே தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள், ஒரு பக்கம் எலுமிச்சை, ஒரு பக்கம் சமையல் சோடா. வேதியியல் பாடத்தில் படித்த லிட்மஸ் தாளைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

ஆனால் இது பொறுமைக்காரர்களின் சாயம். அரை முட்டைக்கோஸை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு வடிகட்டி, வினிகர் சேர்த்து, ஏற்கெனவே வேகவைத்து ஆறிய முட்டைகளைப் போட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எடுத்தால் வெளிர் வானத்து நீலம், அதுவும் அழகுதான், ஆனால் நல்ல அடர் நீலத்துக்கு ஒரு ராத்திரி வேண்டும். எடுக்கும்போது ஈரத்தில் கை வைத்துத் துடைத்தால் சாயம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அப்படியே கம்பித் தட்டில் வைத்துக் காயவிடுங்கள். முட்டைக்கோஸ் வேகும் வாடை வீடெல்லாம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊதா முட்டைக்கோஸ் எல்லாக் காய்கறிக் கடையிலும் இருக்காது என்பதும் உண்மை, பெரிய கடைகளில்தான் தேட வேண்டும். வடிகட்டிய கோஸைத் தூக்கிப் போடாதீர்கள், தேங்காய் போட்டுப் பொரியல் செய்துவிடலாம், நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஒரு வித்தியாசம் தெரியும். உப்புத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் முட்டைக்கோஸ் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே நீலமாக இறங்கும், விட்ட வினிகரில் ஒரு பகுதியை அந்தத் தண்ணீரே தின்றுவிடும். அங்கே ஒரு கரண்டி கூடுதலாக விடலாம், அல்லது கேன் தண்ணீரில் செய்துகொள்ளலாம்.

சங்குப்பூ வேலியில் பூத்துக் கிடந்தால் அதைவிட வசதி வேறில்லை. காய்ந்த பூ ஒரு கைப்பிடி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடிவைத்தால் கால் மணி நேரத்தில் அசல் நீலம். வாடை கிடையாது. இதுவும் ஆந்தோசயனின் வகைதான், எலுமிச்சை பட்டால் ஊதாவாகும், சங்குப்பூ சர்பத் குடித்தவர்களுக்குத் தெரியும். மலேசியாவில் சோற்றுக்கே இந்தப் பூவால் நீலம் ஏற்றுகிறார்கள். கடையில் காய்ந்த பூவாக வாங்கினால் முட்டைக்கோஸைவிடச் செலவு அதிகம், வீட்டுக் கொடியில் பறித்தால் செலவே இல்லை. கொடி இருக்கிறவர்கள் சங்குப்பூ, இல்லாதவர்கள் முட்டைக்கோஸ், இவ்வளவுதான் என் கணக்கு. பூவை மட்டும் எடுங்கள், விதையும் வேரும் வயிற்றைக் கலக்கும்.

பச்சைக்குக் கீரையை அரைத்துக் கஷ்டப்படாதீர்கள். கீரையின் பச்சையம் தண்ணீரில் கரையாது, மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தாலும் ஓட்டில் ஏதோ ஒரு சந்தேகமான சாயல்தான் மிஞ்சும். மஞ்சளில் அரை மணி நேரம் ஊறிய முட்டையைக் காயவைத்து நீலத்தில் போட்டால் நல்ல பச்சை. பழுப்பு முட்டையை நேராக முட்டைக்கோஸ் சாயத்தில் போட்டாலும் ஒரு கரும்பச்சை வரும்.

மற்றதெல்லாம் வேகமாக

பீட்ரூட்டின் நிறப்பொருள் பீட்டானின், சூடு பட்டாலே சிதையும், காரம் பட்டால் மஞ்சள் பழுப்பாகும். சூட்டில் முட்டையை வேகவைத்து, சுண்ணாம்பு ஓட்டில் ஏற்றுகிறோம், அது பிழைப்பது எப்படி? பீட்ரூட்டேதான் வேண்டும் என்றால் ஆறிய சாற்றில் வினிகர் விட்டு ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் ஒரு மங்கலான ரோஜா நிறம் கிடைக்கும், இரண்டு நாளில் அதுவும் பழுப்பாகும்.

செம்பருத்தி இதழ் சாம்பல் கலந்த ஊதா தரும். பன்னீர் திராட்சைச் சாறும் ஏறக்குறைய அப்படியே, திராட்சையைச் சாப்பிட்டுவிடுவது உத்தமம். நாவல் பழத்தில் நல்ல கருநீலம் வரும் என்று ஆசைப்பட்டால், ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் வருகிறது, நாவல் பழம் அதற்கப்புறம்தான் சந்தைக்கே வரும். மிளகாய்த் தூளின் சிவப்பு எண்ணெயில் கரைவது, தண்ணீருக்கு இறங்காது.

தேயிலையும் காபியும் நம்பகமானவை, பழுப்பு வேண்டும் என்றால். கடும் டிக்காஷனில் ஊறவைத்தால் நாட்டுக்கோழி முட்டை நிறம் வரும். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை விலைக்கு விற்பதாக அவ்வப்போது புகார் கிளம்புவதன் ரகசியம் இதுதான். பண்டிகைக்கு அந்த நிறத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். தேயிலையை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தால் அதன் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கறுத்துவிடும். அலுமினியமும் வினிகருக்கு ஆகாது. எவர்சில்வர் பாத்திரமே எல்லாச் சாயத்துக்கும் நல்லது.

எந்த முட்டை

வெள்ளை லெக்கான் முட்டை, அதாவது நாமக்கல்லிலிருந்து வருகிற சாதாரணக் கடை முட்டை, இதற்கென்றே செய்தது போல. நிறம் அப்படியே தெரியும். ஊட்டச்சத்து நல்லது என்று நாட்டுக்கோழி முட்டையை வாங்கிச் சாயத்தில் போட்டால் மஞ்சள் பொன்னிறமாகும், வெங்காயம் இன்னும் கருக்கும், நீலம் பச்சையாகும், தேயிலை போட்டது தெரியவே தெரியாது. வெங்காயம் மட்டும் செய்வதாக இருந்தால் நாட்டு முட்டையும் நன்றாகத்தான் இருக்கும். வாத்து முட்டை பெரியது, ஓடு தடிமன், உள்ளே எதுவும் இல்லாத வெறும் ஓடாக வைத்துக்கொள்ள அது நல்லது.

எதுவானாலும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். நம் ஊரில் முட்டை பெரும்பாலும் கழுவாமலே கடைக்கு வருகிறது, ஓட்டில் எண்ணெயோ எச்சமோ இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காமல் வெள்ளைத் திட்டு விழும். அமெரிக்காவில் கழுவித்தான் விற்பார்கள், அங்கே இருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம்.

சூடா, குளிரா

பொருளைத் தேர்ந்தெடுத்தாலே முறை பாதி முடிவாகிவிடுகிறது: வெங்காயமும் தேயிலையும் சூட்டில், முட்டைக்கோஸும் சங்குப்பூவும் ஆறிய தண்ணீரில், மஞ்சள் இரண்டிலும். ஆனால் பிள்ளைகளை வைத்து யோசித்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அடுப்பில் கொதிக்கிற சாயத்தின் பக்கம் ஐந்து வயதுப் பிள்ளையை விட முடியாது. ஆறிய சாயத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தால் அவர்களே முக்கி எடுப்பார்கள். அதோடு மெழுகுப் பென்சிலால் பெயர் எழுதி, சிலுவை போட்டு, கோலம் போட்டு முக்குகிற விளையாட்டு குளிர்ந்த சாயத்தில் மட்டும்தான் நடக்கும், சூட்டில் மெழுகு உருகி ஓடிவிடும்.

இந்த மெழுகு முறையை ஒரு பெரிய கலையாகவே வளர்த்தவர்கள் உக்ரைன்காரர்கள். அங்கே இரண்டு வகை உண்டு. ஒரே நிறத்தில் வேகவைத்துச் சாப்பிடுவதற்கான கிராஷங்கா, வேகவைக்காத பச்சை முட்டையில் தேன்மெழுகால் கோடு இழுத்து ஒவ்வொரு நிறமாக முக்கி எடுக்கும் பீசங்கா. இரண்டாவதைச் சாப்பிடுவதில்லை, பத்திரப்படுத்துகிறார்கள், கொலோமியா நகரில் அதற்கென்றே முட்டை வடிவக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் 2000இல் திறந்தார்கள். 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் பீசங்கா சேர்ந்தது. நமக்கு இதில் உதவும் விஷயம், சாப்பிட ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று என்று அவர்கள் தனித்தனியாகப் பிரித்தது. வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் பச்சை முட்டையைக் குளிர் சாயத்தில் ஊறவைத்து, காய்ந்ததும் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், மருந்துக்கடை சிரிஞ்சால் காற்றைச் செலுத்தினால் போதும். முதலில் காலி செய்துவிட்டுச் சாயத்தில் போட்டால் ஓடு மிதந்துகொண்டே இருக்கும், ஒரு பக்கம்தான் பிடிக்கும். காலி செய்யாமல் முழுசாக வைப்பது குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சரிப்படலாம், சித்திரை வெயிலில் என்றைக்காவது வெடித்து வீடே நாறும்.

கடைக் கலரோடு ஒப்பிட்டால்

நேரம் இல்லாதவர்கள் கேக் கலரை வாங்கிவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். கால் மணி நேரத்தில் ஆறு நிறம் தயார், எல்லாம் பளிச். உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் இந்தியாவில் எட்டுதான், டார்ட்ரசைன், கார்மோசின், பிரில்லியண்ட் ப்ளூ போன்றவை, பொட்டலத்தில் பெயரும் உரிம எண்ணும் போட்டிருந்தால் பயன்படுத்துவதில் தவறில்லை. சிக்கல் பெயர் போடாத கலர்ப் பொடியில். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருக்கிறது என்று தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும், துணிக்குப் போடும் சாயம் அது. ஓடு நுண்துளைகள் நிறைந்தது, மேலே போடுவது கொஞ்சம் உள்ளே போகவும் செய்யும், அதனால் சில்லறைக் கலர்ப் பொடியா வெங்காயத் தோலா என்றால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். நல்ல கம்பெனி கேக் கலரா வெங்காயத் தோலா என்றால், அது பாதுகாப்பைவிட ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி. ரத்தச் சிவப்பும் அடர் ரோஜா நிறமும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இயற்கைப் பொருளில் சுலபமான வழி இல்லை, அவர்கள் அந்த ஒரு நிறத்தை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கைத் தகவல். 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஈஸ்டருக்கு 450 முட்டைகளை அலங்கரிக்க 18 பென்ஸ் செலவழித்ததாக அரண்மனைக் கணக்கில் இருக்கிறது, தங்கத் தகடெல்லாம் ஒட்டி. தவக்காலத்தில் அன்று முட்டை சாப்பிடத் தடை, கோழி அதைக் கேட்டு நிறுத்தாது, அதனால் ஈஸ்டருக்குள் மலைபோல் முட்டை சேர்ந்துவிடும்.

நம் வெயிலில் சாப்பிடுவது பற்றி

வேகவைத்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. சென்னையிலும் மதுரையிலும் ஈஸ்டர் காலத்தில் அந்த 32 காலையிலேயே தாண்டிவிடும். அதனால் கோவில் வளாகத்தில் ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டுக்கும், பகல் முழுக்க மேசையில் அலங்காரமாக வைப்பதற்கும் போன முட்டைகளைச் சாப்பிடாதீர்கள். சாப்பிட வேண்டியவை ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர் சாயத்தில் ஊறும் நேரமும் ஃபிரிட்ஜுக்குள்தான். ஊறும்போது விரிசல் விட்டதை ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் இயற்கைச் சாயத்தின் மங்கல் போய் மினுமினுப்பு வரும், முட்டைக்கோஸ் நீலத்துக்கு மட்டும் மிகவும் மென்மையாக, இல்லாவிட்டால் எண்ணெயோடு நீலமும் வந்துவிடும்.

ஆக, யாருக்கு எது? சனிக்கிழமை சாயங்காலம்தான் நேரம் கிடைக்கிறது, ராத்திரி பாஸ்கா திருப்பலிக்கும் கிளம்ப வேண்டும் என்றால் வெங்காயத் தோல் ஒரு பாத்திரம், மஞ்சள் ஒரு பாத்திரம், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் முடியும், வேறு எதற்கும் ஆசைப்படாதீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் செய்யப்போகிறார்கள் என்றால் முட்டைகளை முன்கூட்டியே வேகவைத்து, ஆறிய மஞ்சள், சங்குப்பூத் தண்ணீரோடு மெழுகுப் பென்சில்களையும் கொடுத்துவிடுங்கள், நிறம் வெளிறியே வந்தாலும் தாங்களே எழுதிய பெயர் தெரிந்தால் அவர்களுக்குப் போதும். கூடையில் நான்கு நிறம் வேண்டும் என்கிற ஆர்வக்காரர்கள் பெரிய வெள்ளி ராத்திரியே முட்டைக்கோஸ் சாயத்தைக் காய்ச்சி முட்டைகளை ஊறப்போட்டுவிட வேண்டும், பச்சைக்கு எடுத்து வைத்தவற்றை அதற்கு முன்னால் மஞ்சளில் போட்டு எடுத்துக் காயவைத்திருக்க வேண்டும், வெங்காயம் மறுநாள் காலைக்கு. ஊதா முட்டைக்கோஸை வியாழனன்றே வாங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமை கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.